தாயின் முகமே முதல் பாடநூல்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆசிரமத்தில் மாலை ஆரதி முடிந்து பக்தர்கள் பிரசாதம் பெற்றுக்கொண்டிருந்தனர். இளம் தாய் ஒருவர் ஒன்றரை வயது மகனைக் கையில் பிடித்தபடி வந்து வணங்கினார். "சுவாமிஜி, இவனுக்கு எந்த வயதில் சுலோகம் கற்பிக்கத் தொடங்கலாம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் குழந்தையின் கையிலிருந்த தொன்னை நழுவியது. சர்க்கரைப் பொங்கல் தரையில் சிந்தியது.

அந்தக் கணத்தில் குழந்தை செய்த செயல் என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. சிந்திய பொங்கலை அவன் பார்க்கவில்லை, அழவும் இல்லை. தலையை நிமிர்த்தித் தாயின் முகத்தைப் பார்த்தான். நடந்தது பெரிய தவறா, சிறிய விபத்தா? இப்போது அஞ்ச வேண்டுமா, சிரிக்கலாமா? இத்தனை கேள்விகளுக்கும் விடை அந்த முகத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதுபோல் காத்திருந்தான். தாயின் புருவம் ஒரு விநாடி நெரிந்தது. பிறகு அவர் புன்னகைத்தார். "சிந்திவிட்டதா? வா, நாமே துடைத்துவிடலாம்" என்று சொல்லி, ஒரு துணியை வாங்கி, குழந்தையின் கையைத் தம் கையோடு சேர்த்துப் பிடித்துத் தரையைத் துடைத்தார். குழந்தையும் சிரித்துக்கொண்டே துடைத்தான்.

"அம்மா, பாடத்தை எப்போது தொடங்கலாம் என்று கேட்டீர்கள். அது தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதே!" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு தலைகுனிந்து மெல்லிய குரலில் வேறொன்றும் சொன்னார். அதைப் பின்னர் பார்ப்போம். முதலில், அந்தக் குழந்தை தாயின் முகத்தில் எதைப் படித்தான் என்று சிந்திப்போம்.

உபநிஷதம் கூறும் முதல் எழுத்து

தாய், தந்தை, ஆசிரியர், விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகப் போற்றும்படி மாணவனுக்கு அறிவுறுத்தும் புகழ்பெற்ற பகுதி தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில் வருகிறது. அதை அறியாதவர் நம்முள் மிகச் சிலரே. ஆனால் அதே வல்லியின் தொடக்கத்தில் வரும் மற்றொரு கருத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒலிப்பதை அங்கே உபநிஷதம் தியானப் பொருளாக்குகிறது. தாயை முன்னுள்ள எழுத்தாகவும், தந்தையைப் பின்னுள்ள எழுத்தாகவும், குழந்தையை அவ்விரண்டும் கூடும் இடமாகவும் தியானிக்கச் சொல்கிறது.

தமிழ் இலக்கணத்தின் சொற்களில் இதை விளங்கிக்கொள்வது எளிது. தாய் நிலைமொழி, தந்தை வருமொழி, குழந்தை அவற்றின் சந்தி. ஓர் எழுத்து புதிதாகத் தோன்றுவதும், திரிவதும், கெடுவதும் சந்தியில்தான் நிகழ்கின்றன. அவை எப்படி நிகழும் என்பது நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் பொறுத்தது. குழந்தையின் வாழ்க்கையில் முதலில் வந்து நிலைத்து நிற்கும் சொல் தாய். வருமொழிக்கும் அதில் சமமான பங்கு உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது.

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் ஜனக மன்னரிடம் பேசும்போது, தாயும் தந்தையும் ஆசாரியரும் வாய்க்கப்பெற்றவன் பேசும் பேச்சைப் பற்றிக் குறிப்பிடுகிறார். இளமையில் முறையாக அறிவுறுத்தும் தாயைப் பெற்றவன், அதன்பின் தந்தையின் வழிகாட்டலைப் பெற்றவன், பிறகு குருகுலத்தில் ஆசாரியரின் உபதேசத்தைப் பெற்றவன் என்று சங்கரர் இதை வரிசைப்படுத்தி விளக்குகிறார். தாய்தான் முதல் ஆசிரியை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மொழியே அறியாத குழந்தைக்குத் தாய் எதைக்கொண்டு கற்பிக்கிறாள்?

சொல்லுக்கு முந்திய கல்வி

பிறக்கும்போது மனித மூளையின் எடை, வளர்ந்தவரின் மூளை எடையில் ஏறத்தாழ கால் பங்குதான். முதல் ஆண்டிலேயே அது இரு மடங்குக்கும் மேலாகிறது. 5 வயது நிறைவதற்குள் ஏறத்தாழ 90 சதவீத வளர்ச்சி முடிந்துவிடுகிறது. பள்ளியின் வாசலைக் குழந்தை மிதிப்பதற்கு முன்பே அடித்தளத்தின் பெரும்பகுதி போடப்பட்டுவிடுகிறது என்பது இதன் பொருள்.

இந்த அடித்தளம் பாலாலும் உணவாலும் மட்டும் உருவாவதில்லை. பிறந்த குழந்தையின் கண்கள் ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளவற்றையே ஓரளவு தெளிவாகக் காண்கின்றன. மடியில் கிடந்து பால் அருந்தும் குழந்தைக்கும் தாயின் முகத்திற்கும் இடையே உள்ள தூரமும் அதுவே. பிறந்து மூன்று நாட்களே ஆன குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்கின்றன என்பது 1980-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. கருவிலிருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் அது. இதைக் கொண்டு நமது புராணக் கதைகள் அனைத்தையும் விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று நாம் பெருமையடித்துக்கொள்ள வேண்டியதில்லை. தாயின் வாழ்க்கை கருவறையின் சுவரோடு நின்றுவிடுவதில்லை என்ற அளவில் இரண்டும் ஒன்றுபடுகின்றன, அது போதும்.

1985-இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் வெளியிட்ட சோதனை ஒன்று நமது தலைப்புக்கு மிகவும் பொருத்தமானது. ஒரு மேசையின் மேற்பரப்பு முழுவதும் தடித்த கண்ணாடி. ஒரு பாதியில் கண்ணாடியை ஒட்டியே கட்டம் போட்ட விரிப்பு இருந்தது. மறு பாதியில் அதே விரிப்பு ஏறத்தாழ ஓர் அடி கீழே இருந்தது. தவழ்ந்து வரும் குழந்தைக்கு அது ஒரு பள்ளம்போல் தோன்றும். உண்மையில் கண்ணாடி இருப்பதால் விழ வழியில்லை. மேசையின் மறுகோடியில் தாய் நிற்கிறார். பள்ளத்தின் விளிம்புக்கு வந்த ஒரு வயதுக் குழந்தைகள் தயங்கி நின்று தாயின் முகத்தைப் பார்த்தன. மகிழ்ச்சியான முகத்தைக் கண்ட 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் அதைக் கடந்து வந்தன. அச்சம் நிறைந்த முகத்தைக் கண்ட 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை.

தாயர் யாரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளம் ஒன்றே, பார்த்த முகம் வேறு. இவ்வுலகம் அஞ்சத்தக்கதா, நம்பத்தக்கதா என்ற முதல் தத்துவ விசாரத்தைக் குழந்தை தாயின் முகத்தில் நடத்துகிறது.

எட்வர்டு ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் மற்றொரு சோதனையைச் செய்தார். தாய் தன் குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொன்னபடி, சில நிமிடங்கள் எவ்வித உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அசைவற்று வைத்துக்கொள்கிறாள். குழந்தை சிரிக்கிறது, கையை நீட்டுகிறது, ஒலியெழுப்பி அழைக்கிறது. பலன் இல்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, முடிவில் அழுகிறது. அந்தத் தாய் கோபப்படவில்லை, அடிக்கவில்லை. அவள் அங்கே இருந்தும் இல்லாதவளாக இருந்தாள், அவ்வளவுதான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியின் திரையில் மூழ்கியிருக்கும் இன்றைய தாய்தந்தையர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். உடலால் அருகிலிருப்பது வேறு; மனத்தால் அருகிலிருப்பது வேறு.

ஆகவே தாய் கற்பிப்பது தன் மனப்பான்மையைக் கொண்டு. அவள் எதைக் கண்டு அஞ்சுகிறாளோ, எதைக் கண்டு மகிழ்கிறாளோ, யாரை மதிக்கிறாளோ, யாரை இகழ்கிறாளோ, அவையெல்லாம் அர்த்தம் புரிவதற்கு முன்பே குழந்தையின் மனத்தில் சம்ஸ்காரங்களாகப் படிகின்றன.

அழுது வந்த மகனுக்குச் சுநீதி சொன்னது

ஸ்ரீமத் பாகவதத்தில் வரும் துருவனின் வரலாற்றை நாம் பெரும்பாலும் துருவனின் தவத்திற்காகவே சொல்கிறோம். இங்கே அவனுடைய தாயின் பக்கமிருந்து அதைப் பார்ப்போம்.

உத்தானபாத மன்னனின் மடியில் ஏற விரும்பிய ஐந்து வயதுத் துருவனைச் சிற்றன்னை சுருசி தடுக்கிறாள். அந்த இடம் வேண்டுமானால் இறைவனை வழிபட்டுத் தன் வயிற்றில் வந்து பிறக்கும்படி இகழ்ந்து பேசுகிறாள். தந்தை வாய்மூடி இருக்கிறான். உதடு துடிக்க, விம்மியபடி குழந்தை தாயிடம் ஓடி வருகிறான். நடந்ததை மற்றவர்கள் சொல்லக் கேட்ட சுநீதியும் தாங்கொணாத் துயரத்தில் ஆழ்கிறாள்.

இப்போது அவள்முன் பல வழிகள் இருந்தன. 'உன் சிற்றன்னை கொடியவள். நீ வளர்ந்து இதற்குப் பழி தீர்க்க வேண்டும்' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஐந்து வயதிலேயே ஒரு பகையை விதைத்ததாகியிருக்கும். 'நம் தலைவிதி இவ்வளவுதான்' என்று அழுது ஓய்ந்திருக்கலாம். குழந்தையின் மனம் அங்கேயே ஒடிந்திருக்கும். 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று ஒரு தின்பண்டத்தைக் கையில் கொடுத்து மறக்கடித்திருக்கலாம். தன் துயரத்திற்கு இங்கே மதிப்பில்லை என்று குழந்தை கற்றிருக்கும்.

சுநீதி இவற்றில் எதையும் செய்யவில்லை. அவள் தன் கண்ணீரை மறைக்கவில்லை. குழந்தையின் வேதனை உண்மையானது என்பதற்கு அந்தக் கண்ணீரே சான்றாக நின்றது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்த முதல் அறிவுரை, பிறருக்குத் தீங்கு நினையாதே என்பது. பிறருக்கு அளித்த துன்பமே ஒருவனுக்குத் திரும்பி வருகிறது என்றாள். இறைவனை வழிபடும்படி சுருசி சொன்னது உண்மையே என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பகவானையே சரணடையும்படி வழிகாட்டினாள். இகழ்ச்சியில் பொதிந்திருந்த ஓர் உண்மையை மட்டும் பிரித்தெடுத்து மகனின் கையில் கொடுத்தாள்.

துருவன் தவம் முடித்துத் திரும்பியபோது தன்னை இகழ்ந்த சுருசியின் பாதங்களிலும் பணிந்தான். அவளும் அவனை எடுத்து அணைத்து வாழ்த்தினாள் என்று பாகவதம் கூறுகிறது. பகவானின் அருள் அது, ஐயமில்லை. ஆனால் அந்த அருள் வந்து தங்குவதற்கு வெறுப்பற்ற ஒரு நெஞ்சம் தேவைப்பட்டது. அதைத் தயாரித்தவள் சுநீதி.

நம் வீடுகளிலும் சுருசிகள் உண்டு. மன்னனின் மடிகளும் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தை தள்ளிவிட்டது, பாட்டி பாரபட்சம் காட்டினாள், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று குழந்தை அழுது வரும் ஒவ்வொரு முறையும், சுநீதி நின்ற அதே இடத்தில் ஒரு தாய் நிற்கிறாள்.

புவனேஸ்வரி தேவியின் இல்லம்

புராண காலத்தை விட்டு நமக்கு அண்மைக் காலத்திற்கு வருவோம். 1863 ஜனவரி 12-ஆம் நாள் கொல்கத்தாவில் நரேந்திரர் பிறந்தார். மகன் வேண்டுமென்று காசியிலிருந்த உறவினர் மூலம் வீரேசுவர சிவனுக்கு வழிபாடு செய்து பெற்ற பிள்ளை. ஆனால் குழந்தையைச் சமாளிக்க இரண்டு பணிப்பெண்கள் தேவைப்பட்டனர்! சிவனிடம் பிள்ளை கேட்டால் அவர் தம் பூதகணங்களில் ஒன்றை அனுப்பிவிட்டார் என்று தாயார் புவனேஸ்வரி தேவி வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

குழந்தையின் அடம் எல்லை மீறும்போது அவர் அவனுடைய தலையில் குளிர்ந்த நீரை ஊற்றி, காதருகே சிவநாமத்தைச் சொல்வார். குழந்தை அமைதியடைவான். இதை ஒரு செய்முறையாகப் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. அதன் பின்னணியிலுள்ள மனப்பான்மையே நாம் கற்க வேண்டியது. பொறுமை எல்லை கடந்த நேரத்தில் அந்தத் தாயின் நாவில் வந்தது வசைச்சொல் அல்ல, இறைநாமம். பூதகணம் என்று வேடிக்கை பேசும் நகைச்சுவையும் அதே பக்குவத்தின் மற்றொரு முகம். குழந்தையின் குறும்பைத் தன்மீது தொடுக்கப்பட்ட போராக எடுத்துக்கொள்ளாத தாயால்தான் இவ்வாறு சிரிக்க முடியும்.

வங்க மொழியின் எழுத்துகளையும் ஆங்கிலத்தின் தொடக்கப் பாடங்களையும் நரேந்திரருக்கு முதலில் கற்பித்தவர் தாயாரே. ராமாயண, மகாபாரதக் கதைகளை அவர் தாயின் வாய்மொழியாகவே கேட்டு வளர்ந்தார். பள்ளியில் ஒருநாள் பூகோளப் பாடத்தில் நரேந்திரர் சொன்ன சரியான விடையைத் தவறு என்று கருதிய ஆசிரியர் அவரை அடித்துவிட்டார். அழுதபடி வீட்டுக்கு வந்த மகனிடம், நீ சொன்னது சரியானால் எது நேர்ந்தாலும் கவலை வேண்டாம், சிலவேளைகளில் அநீதி போலத் தோன்றினாலும் சரியென்று கருதுவதையே செய் என்ற கருத்தில் தாயார் ஆறுதல் கூறினார். ஆசிரியரைத் தூற்றவும் இல்லை. மகனைச் சந்தேகிக்கவும் இல்லை. பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தர் உலகின் முன் நின்று, தாம் கண்ட உண்மையை அஞ்சாமல் சொன்னபோது, அந்த அஞ்சாமையின் ஒரு வேர் அன்றைய வீட்டுத் திண்ணையில் இருந்தது என்று சொல்லலாம்.

சுவாமிஜி இக்கடனை ஒருபோதும் மறக்கவில்லை. தம் அறிவு மலர்ந்ததற்குத் தாயே காரணம் என்று பலமுறை கூறியிருக்கிறார். 1894 டிசம்பரில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இந்தியப் பெண்களின் லட்சியங்களைப் பற்றிப் பேசியபோது அவர் தம் தாயாருக்குச் செலுத்திய அஞ்சலியைக் கேட்டு நெகிழ்ந்த அந்நகரப் பெண்கள், குழந்தை ஏசுவை மடியில் ஏந்திய அன்னை மேரியின் படத்துடன் புவனேஸ்வரி தேவிக்குக் கடிதம் அனுப்பினார்கள்.

தவறும் திருத்தமும்

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த இளம் தாய் தலைகுனிந்து சொன்னதைக் கூறுகிறேன்: "சுவாமிஜி, இது ஆசிரமம் என்பதால் சிரித்தேன். வீட்டில் என்றால் அடித்திருப்பேன். நேற்றுகூட பூஜை செய்யும்போது விளக்கைத் தொட வந்தான் என்று அடித்துவிட்டேன். அவன் இன்று காலையில் தன் பொம்மையை அதேபோல் அடித்தான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனமே சரியில்லை."

இத்தகைய கட்டுரைகளைப் படிக்கும் தாய்மார்கள் பலரின் உள்ளத்திலும் இந்தக் கண்ணீர் இருக்கும். அவர்களுக்காகவே இப்பகுதியை எழுதுகிறேன்.

தாயின் செல்வாக்கு பெரிது என்ற உண்மையை, குழந்தையின் ஒவ்வொரு குறைக்கும் தாயே குற்றவாளி என்ற தீர்ப்பாக மாற்றுவது பெரும் தவறு. அறிவுலகமே அந்தத் தவற்றைச் செய்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நிலைக்குத் தாயின் அன்பற்ற குளிர்ந்த மனமே காரணம் என்று சில நிபுணர்கள் எழுதினார்கள். எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்து வெந்தார்கள். அக்கருத்து முற்றிலும் தவறானது என்பது பின்னர் தெளிவாகிவிட்டது. ஆட்டிசம் மூளை வளர்ச்சி தொடர்பானது; அதில் மரபணுக்களின் பங்கு பெரிது; தாயின் அன்பு குறைந்ததால் அது வருவதில்லை.

நமது வேதாந்தமும் குழந்தையை எழுதாத வெற்றுப் பலகையாகக் கருதவில்லை. ஒவ்வோர் உயிரும் தனக்குரிய சம்ஸ்காரங்களோடு வருகிறது. விதையைத் தாய் படைப்பதில்லை. அதற்கு மண்ணையும் நீரையும் ஒளியையும் அளிக்கிறாள். தோட்டக்காரரின் பொறுப்பு பெரியது. ஆனால் அவர் படைப்புக் கடவுள் அல்லர். இந்த எண்ணம் தாயின் பொறுப்பைக் குறைக்காமல் அவளுடைய அகந்தையையும் குற்றவுணர்வையும் ஒருசேரக் குறைக்கிறது.

பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வின்னிகாட், குழந்தைக்குத் தேவை குறையே இல்லாத தாய் அல்ல, போதுமான அளவுக்கு நல்லவளான தாய் என்ற கருத்தை நிலைநாட்டினார். ட்ரானிக்கின் ஆய்வுகளும் இதையே வலியுறுத்துகின்றன. நலமாக வாழும் தாயும் குழந்தையும்கூட எந்நேரமும் ஒத்திசைந்து இருப்பதில்லை, அடிக்கடி இசை பிசகுகிறது, மீண்டும் சேர்கிறது. இந்த மீண்டும் சேர்தலே குழந்தைக்கு நம்பிக்கையைக் கற்பிக்கிறது. முறிந்த உறவு மீண்டும் கூடும் என்பதை அறிந்த குழந்தை வாழ்க்கையின் முறிவுகளைக் கண்டு ஒடிவதில்லை.

புவனேஸ்வரி தேவியின் வாழ்விலும் அத்தகைய ஒரு கணம் உண்டு. 1884-இல் கணவர் விசுவநாத தத்தர் மறைந்தபின் குடும்பம் கொடிய வறுமையில் விழுந்தது. ஒருநாள் காலையில் நரேந்திரர் இறைநாமத்தைச் சொல்லியபடி எழுந்தபோது, சிறுவயது முதல் கடவுளை அழைத்தாயே, அவர் உனக்கு என்ன செய்தார் என்ற பொருளில் தாயார் கசப்போடு பேசிவிட்டார். அச்சொற்கள் மகனின் நெஞ்சைத் தைத்தன. சிவநாமத்தால் பிள்ளையை அமைதிப்படுத்திய அதே தாய்தான் இவர். பசியும் துயரமும் எத்தகைய நெஞ்சையும் ஒரு கணம் நிலைகுலைக்கும். ஆயினும் ஆண்டாண்டு காலமாக அவர் அளித்த அன்பை அந்த ஒரு கணம் அழித்துவிடவில்லை. 1901-இல் சுவாமிஜி தம் தாயாரைக் கிழக்கு வங்காளத்திற்கும் அசாமுக்கும் தீர்த்த யாத்திரை அழைத்துச் சென்றார்.

அந்த இளம் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "இன்று வீட்டுக்குச் சென்றதும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, 'நேற்று அம்மா அடித்தது தவறு' என்று சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து அந்தப் பொம்மையைத் தடவிக்கொடுங்கள்." சொற்கள் அவனுக்கு முழுவதும் புரியாமல் போகலாம். ஆனால் தவறிழைத்தவர் அதை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ள முடியும் என்பதைத் தாயின் முகத்தில் அவன் படித்துக்கொள்வான். அதைவிட உயர்ந்த சுலோகம் எது?

தாயைத் தாங்குவது யார்?

தாயின் மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. அந்த அமைதி எங்கிருந்து வரும்?

பாகவதத்தில் பிரகலாதனின் தாய் கயாதுவின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. ஹிரண்யகசிபு தவத்திற்குச் சென்றிருந்தபோது, கருவுற்றிருந்த கயாதுவை இந்திரன் சிறைபிடித்துச் சென்றான். அவள் அச்சத்தால் அலறினாள். வழியில் வந்த நாரதர் இந்திரனைத் தடுத்து, குற்றமற்ற அவளை விடுவித்துத் தம் ஆசிரமத்திற்கு அழைத்து வந்தார். கணவன் திரும்பும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார். அச்சமின்றி அவள் அங்கே வாழ்ந்தாள். அதன்பிறகே, கருவிலிருந்த குழந்தையையும் மனத்தில் கொண்டு, தர்மத்தையும் ஞானத்தையும் உபதேசித்தார். நாளடைவில் தாய் அதை மறந்துவிட்டாள். கருவில் கேட்ட பிரகலாதன் மறக்கவில்லை.

நாம் உபதேசத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். நாரதர் முதலில் அளித்தது உபதேசமன்று, அபயம். அஞ்சி நடுங்கும் தாய்க்கு முதல் தேவை பாதுகாப்பு. பகவத் கதை அதற்குப் பின்னரே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினர் மனநலக் குறைவுக்கு, முக்கியமாக மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். அதாவது, ஐவரில் ஒருவர். இது பக்திக் குறைவாலோ குழந்தையிடம் அன்பில்லாததாலோ வருவதன்று. காய்ச்சலைப்போல் இதற்கும் மருத்துவம் உண்டு. காரணமற்ற அழுகை, உறக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

அன்னை ஸ்ரீசாரதாதேவியின் வாழ்வு இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. அன்னையின் தம்பி அபய் இறந்தபோது அவருடைய மனைவி சுரபாலா கருவுற்றிருந்தார். 1900-இல் ராது என்ற பெண் குழந்தை பிறந்தது. அடுத்தடுத்து வந்த துயரங்களால் சுரபாலாவின் மனநிலை பிறழ்ந்திருந்தது. குழந்தையைப் பேண அவரால் இயலவில்லை. அன்னை குழந்தையைத் தாமே ஏற்று வளர்த்தார். அதோடு சுரபாலாவையும் கைவிடவில்லை. அவருடைய ஏச்சுகளையும் சந்தேகங்களையும் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டு தம்மோடு வைத்துக் காத்தார். குழந்தையை வளர்ப்பது என்பது குழந்தையின் தாயையும் சேர்த்துத் தாங்குவது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆகவே கணவன்மார்களும் மாமியார்களும் மற்றப் பெரியோர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வீட்டில் தாய்க்குப் போதிய உறக்கம் உண்டா? குழந்தையின் முன்னிலையில் அவள் இகழப்படுகிறாளா? பெண் குழந்தையைப் பெற்றதற்காக ஒரு பெருமூச்சேனும் அவள் காதில் விழுந்ததா? தாயைக் காயப்படுத்திவிட்டுக் குழந்தைக்கு நற்பண்பு வேண்டுமென்று விரும்புவது, வேரில் வெந்நீரை ஊற்றிக் கிளையில் கனியைத் தேடுவதற்கு ஒப்பாகும். வருமொழி பிழையானால் சந்தியும் பிழையாகும்.

நாள்தோறும் செய்யத்தக்கவை

1. காலையில் குழந்தை கண் விழிக்கும்போது அது முதலில் காணும் முகம் புன்னகையோடு இருக்கட்டும். வேலைகள் ஒரு நிமிடம் காத்திருக்கும்.

2. பாலூட்டும்போதும் உணவூட்டும்போதும் கைப்பேசியை எட்ட வையுங்கள். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

3. கோபம் எழும்போது ஒரு மூச்சு அளவுக்கு இறைநாமத்தைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஜபமாலையை உருட்டும் நேரத்தில் மட்டுமன்றி, பால் பொங்கி வழியும் நேரத்திலும் செய்யப்படுவதே சாதனை.

4. பூஜையறையில் குழந்தைக்கும் ஒரு சிறு தொண்டு கொடுங்கள். ஒரு பூவை எடுத்து வைப்பது போதும். விரட்டப்பட்ட இடத்தை யாரும் விரும்புவதில்லை.

5. வீட்டு வேலை செய்பவர், வாசலில் வரும் வியாபாரி, வயோதிகர் ஆகியோரிடம் நீங்கள் பேசும் தொனியைக் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

6. தவறு நேர்ந்தால் அன்றிரவு உறங்குமுன் குழந்தையோடு மீண்டும் சேருங்கள்.

7. தந்தை நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரம் குழந்தையின் முழுப் பொறுப்பையும் ஏற்கட்டும். அந்த நேரம் தாய்க்குரியது. அவள் உறங்கலாம், ஜபிக்கலாம், சும்மாவும் இருக்கலாம்.

முன்னே செல்லும் தாய்

துருவனின் வரலாற்றின் முடிவில் ஓர் அரிய காட்சி வருகிறது. அழியாத துருவ பதத்திற்கு அழைத்துச் செல்ல விமானம் வந்து நிற்கிறது. அதில் ஏறிப் புறப்படும் வேளையில், எளியவளான தன் தாயை விட்டுவிட்டுத் தான் மட்டும் எப்படிச் செல்வது என்று துருவன் எண்ணுகிறான். அவனுடைய எண்ணத்தை அறிந்த பகவானின் பார்ஷதர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். அங்கே, அவனுக்கு முன்பாகவே, மற்றொரு விமானத்தில் சுநீதி சென்றுகொண்டிருக்கிறாள்.

காட்டில் தவம் செய்தவன் மகன். தாய் அரண்மனையிலேயே இருந்தாள். ஆனால் அழுது வந்த குழந்தையின் முன்னால், தன் நெஞ்சில் மூண்ட கசப்பை விழுங்கிவிட்டு அன்பை மட்டும் பேசிய அந்த ஒரு நாழிகையும் தவமே. குழந்தை வளர்ப்பால் தியானத்திற்கு நேரமில்லை என்று வருந்தும் தாய்மார்கள் இதை எண்ணி ஆறுதல் பெறலாம். மடியில் கிடக்கும் குழந்தை நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வழிபாடு தொடங்குகிறது.

வீடுதோறும் தாய்மார்களின் முகத்தில் அச்சம் நீங்கி அமைதி நிலவ அன்னை பராசக்தி அருள்புரிவாளாக!